விருப்பப் பாடம்: யாருடைய விருப்பம்?

‘கட்டாயப் பாடம்’, ‘விருப்பப் பாடம்’ என்று இரண்டு பத்தி போட்டு அச்சடித்த காகிதங்கள் கல்வித்துறையில் எப்போதும் புழங்கி வருகின்றன. கட்டாயம் என்றால் அரசு முடிவு செய்தது, விருப்பம் என்றால் மாணவர் முடிவு செய்தது என்று அர்த்தமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மண்ணில் சேரிப் பிள்ளையின் விருப்பத்தை எவன் எப்போது கேட்டான்? மாடு மேய்க்க விருப்பமா, பறையடிக்க விருப்பமா, மலம் அள்ள விருப்பமா என்று கேட்டுவிட்டா வேலை கொடுத்தார்கள்? வேலையில் கேட்காத விருப்பத்தைப் படிப்பில் மட்டும் கேட்டுவிடுவார்களா?

இப்போது இந்தச் சொல்லுக்கு முன்னால் ‘ஆன்லைன்’ என்று இன்னொரு சொல்லும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. “உங்க ஸ்கூல்ல அந்தப் பாடம் இல்லையா? பரவாயில்லை, போன்ல படிச்சுக்கோ.” இந்தப் ‘பரவாயில்லை’க்குள் ஒளிந்திருக்கும் அரசியலைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு வரலாற்றை நினைவுபடுத்திக் கொள்வோம். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பீமாராவ் என்ற மாணவர் இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவன் வேதமொழியைத் தொடக் கூடாது என்று அந்தக் கதவு சாத்தப்பட்டது. அவர் பாரசீகம் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பாரசீகம் படித்தே 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அந்த ஆண்டு தேர்வுப் பதிவேட்டைப் புரட்டுகிறவனுக்கு என்ன தெரியும்? இந்த மாணவர் ‘பாரசீகத்தைத் தேர்ந்தெடுத்தார்’ என்றுதான் தெரியும். மறுத்தவனின் பெயர் பதிவேட்டில் இருக்காது. மறுக்கப்பட்டவனின் கையெழுத்துதான் இருக்கும். பின்னாளில் அண்ணல் சொந்த முயற்சியில் அந்த மொழியைக் கற்றார். அந்த மொழியின் சாத்திரங்களையே விசாரணைக் கூண்டில் ஏற்றினார். “பாத்தீங்களா, கதவைச் சாத்தினாலும் அவர் மேல வந்துட்டாரே” என்று இதை வைத்துப் பேசுகிற புத்திசாலிகள் உண்டு. ஒருவர் சுவரேறிக் குதித்துவிட்டார் என்பதற்காகக் கதவைச் சாத்தியது நியாயமாகிவிடுமா? சுவரேற முடியாமல் போன ஆயிரம் பேரைப் பற்றி எந்தப் பதிவேடு பேசும்?

நூறு வருடம் கடந்துவிட்டது. அந்தக் கதவு இப்போது எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் அது பிளஸ் ஒன் சேர்க்கை மேசையில் இருக்கிறது.

கோத்தாரி குழு 1966இல் சொன்னதை வைத்து 1978இல் இங்கே மேல்நிலைக் கல்வியைக் கொண்டு வந்தார்கள். கல்லூரியில் இருந்த பி.யு.சி. பள்ளிக்கு வந்தது. கூடவே ‘குரூப்பு’ என்ற சங்கதியும் வந்தது. பத்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே பாடம். மே மாதம் ரிசல்ட் வந்ததும் பதினைந்து வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பிரிக்கிறார்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒரு பக்கம். கணக்கோடு கம்ப்யூட்டர் ஒரு பக்கம். தாவரவியல், விலங்கியல் ஒரு பக்கம். வணிகவியல், வரலாறு ஒரு பக்கம். கடைசியில் தொழிற்கல்வி. வரிசையின் தலையில் எந்தத் தெருப் பிள்ளைகள் நிற்கிறார்கள், வாலில் எந்தத் தெருப் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று பார்க்க ஆராய்ச்சி ஏதும் தேவையில்லை. ஜூன் மாதத்தில் ஒருநாள் உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போய், ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்தால் போதும்.

நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் சேரி. 2006இல் பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு 412 வாங்கினேன். கணக்கில் 91, அறிவியலில் 88. உயிரியல் குரூப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கூலி வேலையை ஒருநாள் விட்டுவிட்டு அம்மா கூட வந்திருந்தார். தலைமையாசிரியர் மார்க் ஷீட்டைப் பார்த்தார். பிறகு சாதிச் சான்றிதழைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்: “இந்தாம்மா, பயாலஜியெல்லாம் உங்களுக்குக் கஷ்டம். டியூஷன் வைக்கணும், ரெக்கார்டு நோட்டு வாங்கணும். தையல் குரூப்புல சேர்த்துவிடு. கைத்தொழில் ஒண்ணு தெரிஞ்சா நாளைக்குப் பொழைச்சுக்கும்.” அம்மா கையைக் கட்டிக்கொண்டு, “நீங்க பாத்துச் செய்யுங்க சார்” என்றார். அவ்வளவுதான் கவுன்சலிங். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

‘உங்களுக்கு’ என்றார். தமிழ் படித்தவள் என்பதால் சொல்கிறேன்: இலக்கணத்தில் மரியாதைப் பன்மை என்று ஒன்று உண்டு. ஒருமையில் ‘இந்தாம்மா’ என்று கூப்பிட்டவர் அடுத்த சொல்லில் மரியாதைக்குத் தாவவில்லை. அது சாதிப் பன்மை. அந்தப் பன்மைக்குள் நான், அம்மா, எங்கள் தெரு, இனிப் பிறக்கப் போகிற பிள்ளைகள் எல்லாரும் அடக்கம். விண்ணப்பத்தில் உயிரியல் என்று எழுதியதை அடித்துவிட்டுத் தொழிற்கல்வி என்று எழுதச் சொன்னார்கள். எழுதியது என் கைதான். ஆக, கல்வித்துறைப் பதிவேட்டின்படி நான் தையலை ‘விரும்பித் தேர்ந்தெடுத்த’ மாணவி.

பின்னர் இளங்கலைத் தமிழ், முதுகலைத் தமிழ் என்று வந்தேன். தமிழ் எனக்கு வாழ்க்கையைத் தந்தது, எழுத்தைத் தந்தது. அதை நேசிக்கிறேன். ஆனால் ஒரு கதவைச் சாத்திவிட்டு மற்றொரு கதவைத் திறந்து வைத்தவனிடம், ‘நல்ல கதவைத் திறந்தாய்’ என்று நன்றி சொல்ல என்னால் முடியாது. எங்கள் மாவட்டத்துக் கல்லூரிகளில் தமிழ், வரலாறு, பொருளாதார வகுப்புகளில் நம் பிள்ளைகள் நிறைந்திருப்பதைப் பார்த்து, ‘தலித்துகள் இலக்கியத்தில் ஆர்வம் உள்ளவர்கள்’ என்று ஒரு பேராசிரியர் மேடையில் பூரித்தார். ஆர்வம் என்ன வானத்திலிருந்தா விழுந்தது? எங்களை எங்கே தள்ளினார்களோ அங்கே ஆர்வத்தை வளர்த்துக்கொண்டோம்.

இதில் ஒரு பெரிய மோசடி நடக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொழிற்கல்லூரிகளில் நமக்கு 18 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. பழங்குடியினருக்கு 1 சதவீதம். அந்தப் பதினெட்டுக்குள் அருந்ததியருக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 சதவீதம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2020இல் கொண்டு வந்தார்கள். எல்லாம் போராடிப் பெற்றவை. ஆனால் மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இந்தப் பாடங்களை எடுக்கவிடாமல் பிளஸ் ஒன் மேசையிலேயே ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டால், கல்லூரி வாசலில் காத்திருக்கும் பதினெட்டும் ஏழரையும் அந்தப் பிள்ளைக்கு எதற்கு? சட்டத்தைக் கைவைக்க வேண்டாம், வழக்குப் போட வேண்டாம், ‘தகுதி, திறமை’ என்று கூச்சல் போட வேண்டாம். ஒரு தலைமையாசிரியர், ஒரு பேனா, இரண்டு நிமிஷம். இடஒதுக்கீடு இரண்டு ஆண்டுக்கு முன்னாலேயே செத்துப்போகிறது.

இதையும் தாண்டி வந்தவர்கள் கதை என்ன ஆயிற்று? அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா அறிவியல் பிரிவு படித்தார். பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். பந்தயம் முடியும் நேரத்தில் எல்லைக்கோட்டையே நகர்த்தி வைத்தார்கள், நீட் என்று சொல்லி. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். குரூப்பு கிடைக்காதவளுக்கு வாசலே கிடையாது. குரூப்பு கிடைத்தவளுக்கு வாசல் இடம் மாறிவிடுகிறது.

பிளஸ் ஒன் சேர்க்கைக்கே இடஒதுக்கீடு உண்டு என்பது நம் தோழர்கள் பலருக்குத் தெரியாது. பொதுப்பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, எஸ்.சி. 18, எஸ்.டி. 1 என்று பின்பற்றச் சொல்லிக் கல்வித்துறையே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அறுபது இடம் உள்ள உயிரியல் பிரிவில் பத்துப் பதினோரு பிள்ளைகள் நம்மவர்களாக இருந்தாக வேண்டும். இருக்கிறார்களா? மொத்தப் பள்ளியில் எத்தனை எஸ்.சி. என்று கணக்குக் காட்டுவார்கள். பிரிவுவாரியாகக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். ஏனென்றால் தொழிற்கல்வியில் நாற்பது பேரை அடைத்துவிட்டு, மொத்தத்தில் சரியாக இருக்கிறது என்று காட்டிவிடலாம். ஊரும் சேரியுமாகக் கிராமத்தைப் பிரித்தவனுக்கு வகுப்பறையைப் பிரிக்கத் தெரியாதா?

இந்த இடத்தில் நம்முடைய நண்பர்களே சிலர் குறுக்கிடுவார்கள். ‘உழைப்பைக் கேவலமாகப் பேசலாமா? கைத்தொழிலுக்கு மரியாதை இல்லையா?’ என்பார்கள். உழைப்பின் மேன்மையை எங்களுக்கே பாடம் எடுக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மேன்மையான அந்தத் தையல் வகுப்பில் அக்ரகாரத்துப் பிள்ளை எத்தனை, ஊர்த்தெருப் பண்ணையார் வீட்டுப் பிள்ளை எத்தனை? 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். குலக்கல்வி என்று தமிழ்நாடே கொதித்தெழுந்தது. 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அன்று அரசாணையில் எழுதி வைத்ததால் எதிர்க்க முடிந்தது. இன்று அரசாணை கிடையாது. ‘விருப்பம்’ என்று நம் கையெழுத்தையே வாங்கிக்கொள்கிறார்கள். எதை எதிர்த்துக் கொதிப்பது? நம் கையெழுத்தை எதிர்த்தா?

இப்போது ஆன்லைனுக்கு வருவோம். 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, கலை, அறிவியல், தொழிற்கல்வி என்ற கறாரான பிரிவினை இனி இல்லை, மாணவர் தாம் விரும்பிய பாடங்களைக் கலந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அதே கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வியையும் கொண்டு வருகிறது. ஒன்றிய அரசு 2017இல் தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்கும் பாடம் வைத்திருக்கிறார்கள். மாநில அரசுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, ‘மணற்கேணி’ செயலி இருக்கிறது. இவற்றால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார், அதற்கு மேல் ஆன்லைனில் ஒரு பாடம் கூடுதலாக எடுக்கிறான் அந்தப் பையன். அது விருப்பம். எங்கள் பக்கத்து ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஒன்றில் இரண்டு வருஷமாக இயற்பியலுக்கு ஆளே இல்லை. கேட்டால், “வீடியோ இருக்குல்ல, பாக்கச் சொல்லுங்க” என்கிறார்கள். இது விருப்பமா? அவனுக்குக் கறிசோற்றுக்கு மேல் பாயசம். நமக்குச் சோற்றுக்குப் பதிலாகச் சோற்றின் படம்.

கொரோனா காலத்தில் இந்தப் படத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டோம். 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்து எல்லாரும் தேர்ச்சி என்றார்கள். மதிப்பெண்ணுக்குக் காலாண்டு, அரையாண்டிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம். அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போகிற பிள்ளைக்கு வருகைப் பதிவில் என்ன இருக்கும்? அந்த மார்க்கை வைத்துத்தான் குரூப்பு பிரித்தார்கள். அந்த ஆண்டு பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள் வகுப்பறைக்குள் காலெடுத்து வைத்ததே 2021 பிப்ரவரி 8ஆம் தேதிதான். அதுவரை எல்லாம் போனில், டிவியில். 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமங்களில் நூறு வீட்டில் கணினி இருந்தது 4.4 வீட்டில். இணைய வசதி 14.9 வீட்டில். இதில் சேரி வீடு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மாலைப் பள்ளியில் படித்த ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: “அக்கா, எங்க வீட்ல ஒரே போனு. கிளாஸ் நடக்கறப்ப அது அப்பாவோட கரும்பு வெட்டப் போயிடுது.” மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன். அதுவும் முதலில் தம்பிக்கு, மிச்சமிருந்தால் அவளுக்கு. இன்றைக்குப் போன் பெருகிவிட்டது என்பார்கள். பெருகியிருக்கிறது. ஒரே அறை வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்க இடம் பெருகியிருக்கிறதா?

இன்னொரு வாதத்தைக் கொஞ்சம் மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும். ஏனென்றால் அதைச் சொல்கிறவர்கள் நம் பிள்ளைகளே. ‘திரைக்குச் சாதி தெரியாது அக்கா. கடைசி பெஞ்சில உட்காரச் சொல்லாது, உங்கப்பன் இன்னா பண்றான்னு கேட்காது, உனக்கெல்லாம் பிசிக்ஸ் எதுக்குன்னு சிரிக்காது’ என்கிறார்கள். இதில் இருக்கும் வலி எனக்கு விளங்குகிறது. வகுப்பறை நம்மை எவ்வளவு அவமானப்படுத்தியிருந்தால் ஒரு பிள்ளைக்கு ஆளில்லாத திரை ஆறுதலாகத் தெரியும்! ஆனால் தோழர்களே, தண்ணீர்ப் பானையைத் தொடவிடவில்லை என்பதற்காக நம் முன்னோர்கள் தாகத்தைப் பழகிக்கொள்ளவில்லை. 1927இல் மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளினார்கள். வகுப்பறையில் சாதி இருக்கிறது என்றால் சாதியை அங்கிருந்து வெளியேற்ற வேண்டும். நாம் வெளியேறுவதற்கு அவன் போட்டுக் கொடுக்கும் பாதைக்குத் ‘தொழில்நுட்பம்’ என்று பெயர் வைக்கக் கூடாது.

அதோடு, திரைக்குச் சாதி தெரியாவிட்டாலும் ஆய்வகத்துக்குத் தெரியும். பிளஸ் டூ அறிவியல் பாடத்தில் செய்முறைத் தேர்வுக்கு 20 மதிப்பெண். பியூரெட்டைக் கையில் பிடிக்காமல், ஒரு சொட்டில் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்காமல், வீடியோ பார்த்து டைட்ரேஷன் கற்க முடியாது. அந்தக் கண்ணாடிக் குழாயை நம் பிள்ளை கையில் கொடுக்க ஒரு ஆசிரியர் வேண்டும். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஒரு மனுஷன் வேண்டும். ஆசிரியர் நியமனத்தைத் தவிர்க்கிற அரசுக்கு ஆன்லைன் மலிவானது. முன்பு தலைமையாசிரியர் முகத்துக்கு நேராக ‘உனக்கு இல்லை’ என்றார். அவரைப் பார்த்துத் திருப்பிக் கேட்கவாவது முடிந்தது. இனிமேல் ‘உனக்கு உண்டு, போனில் பார்’ என்பார்கள். தேறாவிட்டால் நீதான் சரியாகப் பார்க்கவில்லை. மறுத்த ஆள் யாரும் இல்லாத மறுப்பு. இதைவிடச் சுத்தமான தீண்டாமை வேறு என்ன இருக்கிறது?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

ஒன்று. கட்டாயப் பாடம் எதுவானாலும் அதற்கு நிரந்தர ஆசிரியரும் ஆய்வகமும் அந்தந்தப் பள்ளியிலேயே இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் இதை முதலில் நிறைவேற்ற வேண்டும். ஆன்லைன் பாடம் கூடுதலாக மட்டுமே இருக்கலாம், ஆசிரியருக்கு மாற்றாக அல்ல.

இரண்டு. பிளஸ் ஒன் சேர்க்கைப் பட்டியலைப் பிரிவுவாரியாக, இடஒதுக்கீட்டு விவரத்தோடு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

மூன்று. ஒரு பிள்ளை கேட்ட பிரிவை மறுத்தால், காரணத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கையெழுத்து இனி மறுக்கிறவன் போடட்டும்.

நான்கு. தொழிற்கல்விக்குப் போன பிள்ளை திரும்பி அறிவியல் படிக்க ஒரு பாலம் வேண்டும். பதினைந்து வயதில் போட்ட கோடு ஆயுளுக்கும் நிற்கக் கூடாது.

கேட்டால் கொடுத்துவிடுவார்களா? மாட்டார்கள். எனவே நம் வேலையை நாம் தொடங்குவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய், ஒரு மனு, முப்பது நாள். உங்கள் ஒன்றியத்தில் உள்ள ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் கடந்த ஐந்து ஆண்டுகளில் பிரிவுவாரியாக எஸ்.சி., எஸ்.டி. மாணவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். வருகிற பதிலை இதுபோன்ற இதழ்களில் அச்சிடுவோம். கல்லூரி மாணவர்களே, கவிதை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் தாய்மார்களையும் கோயில் திண்ணையிலோ மரத்தடியிலோ உட்கார வைத்து, எந்தக் குரூப்பு எந்தக் கதவைத் திறக்கும், எதைச் சாத்தும் என்று சொல்லிக் கொடுங்கள். பதினெட்டு சதவீதம் என்றால் அறுபதில் எத்தனை என்று அந்தத் தாய்மார்களுக்கே கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ரிசல்ட் வந்த மறுநாள், சேர்க்கை நடக்கும் அறைக்கு ஒரு தாயும் ஒரு பிள்ளையும் தனியாகப் போகக் கூடாது. தெருவே போக வேண்டும். ‘உங்களுக்கு’ என்று அவர்கள் பன்மையில் பேசட்டும். நாமும் பன்மையில் போய் நிற்போம்.